மத்தளத்துக்கு மூன்றாவது இடி!



"மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி" என்பது பழமொழி. இப்போது மூன்றாவதாக ஓர் இடியும் விழுந்துகொண்டிருக்கிறது. அதுதான் மரத் தட்டுப்பாடு! "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மத்தளத்தைப் பத்தி என்னப்பா கவலை?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சொல்கிறேன்.

எங்கள் ஊர் அக்காள்மடம். பாம்பன் பாலம் தாண்டி, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற மீனவர் ஊர். எங்கள் தெருக் கோயிலில் ஒரு பழைய தவில் இருந்தது. தோல் போய்விட்டது. "பழசைத் தூக்கிப் போடுங்கடா, புதுசு வாங்குவோம்" என்று இளவட்டங்கள் நாங்கள் முடிவு செய்தோம். வரி வசூலித்து, வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போனோம்.

கடைக்காரர் சத்தியம் செய்யாத குறைதான். "அசல் பண்ருட்டிப் பலா தம்பி" என்றார். நாங்களும் விடவில்லை. பேரம் பேசிப் பேசி, சொன்ன விலையில் பாதிக்கு முடித்து, ஜெயித்துவிட்ட பெருமையோடு பஸ் ஏறினோம். மூன்றே மாதம்! கட்டையில் நீளவாக்கில் ஒரு விரிசல்.

தோல் மாற்றுகிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது பச்சை மரத்துல கடைஞ்ச கட்டை. காயவே விடல. வெடிச்ச எடத்துல மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சு, மேல வார்னிஷ் அடிச்சிருக்கான். பாதி வெலைக்குக் கேட்டா, பாதி காஞ்ச மரந்தான்யா கெடைக்கும்!"

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. குற்றம் கடைக்காரருடையது மட்டும்தானா?

தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலாக் கட்டைதான் வேண்டும். பலகைகளை ஒட்டிச் செய்கிற சமாசாரம் இல்லை இது. ஒரே மரத்துண்டைக் குடைந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெருத்த, வைரம் பாய்ந்த அடிமரம் வேண்டும். அப்படி ஒரு மரம் விளையப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய பிறகும் நிழலில் பொறுமையாகக் காய வேண்டும்.

நம் மாநிலத்தில் பலாவுக்குப் பேர்போன ஊர் பண்ருட்டி. ஆனால் அங்கே பலா வளர்ப்பது பழத்துக்காக. காய்க்கிற மரத்தை எந்த விவசாயி வெட்டக் கொடுப்பார்? வெட்டினாலும், கதவு ஜன்னல் செய்கிறவர்கள் பணத்தோடு முன்னால் நிற்கிறார்கள். போதாததற்கு 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த 'தானே' புயல், கடலூர் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தை ஒரு வருஷத்தில் அறுத்துத் தீர்த்துவிடலாம். அது நின்ற இடத்தில் இன்னொன்று பருக்க ஒரு தலைமுறை வேண்டுமே!

இது தவிலோடு நிற்கிற கதை இல்லை. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இடிக்கிற பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து! கடல் கடந்து போனாலும் இதே பாடுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஜெம்பே' முழவு குடைகிற லெங்கே மரத்தையும், 2022-ல் பனாமாவில் கூடிய உலக மாநாடு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"அதான் பைபர் வந்துருச்சே!" என்பார்கள் சிலர். நானும் பைபருக்கு எதிரி இல்லை. எங்கள் ஊரில் நாட்டுப்படகுகளே பைபராக மாறி வருகின்றன. ஆனால் படகு மரமா பைபரா என்று மீனுக்குத் தெரியாது. கொட்டு மரமா பைபரா என்று காதுக்குத் தெரியும்! அதே சமயம், பெங்களூரைச் சேர்ந்த பாடகரும் பொறியாளருமான கே.வரதரங்கன் செயற்கைத் தோலில் மிருதங்கம் உருவாக்கிக் காட்டியிருக்கிறார். சாதகம் செய்யவும், பள்ளிப் பிள்ளைகள் படிக்கவும் இத்தகைய வாத்தியங்கள் போதும். நல்ல மரம் நல்ல கலைஞர் கைக்கு மிச்சமாகும்.

ஆனால் முதலில் மாற வேண்டியது மரம் அல்ல, வாங்குகிற நாம். பாலக்காடு மணி ஐயரை நாடறியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செய்கிறவனுக்குப் பெயரும் இல்லை, கையில் காசும் இல்லை. காசு இருந்தால்தானே மரத்தை வாங்கிப் போட்டு ஒரு வருஷம் காயவிடுவான்? அன்றாடங்காய்ச்சியால் மரத்தைக் காயவைக்க முடியாது. அவன் வயிறுதான் காயும்!

எங்கள் ஊர்க் கணக்கை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. தவிலுக்குக் கொடுத்ததைவிட, ஒரே ராத்திரி சீரியல் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்தது அதிகம்!

ஆகவே நான் சொல்வது இதுதான். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் போய்ப் பேரம் பேசாதீர்கள். முந்தின வருஷமே முன்பணம் கொடுங்கள். செய்கிறவர் அந்தப் பணத்தில் மரம் வாங்கிக் காயவைப்பார். வாங்கும்போது வெளி வார்னிஷைப் பார்க்காமல், உள்பக்கம் பாருங்கள். எத்தனை மாதம் காய்ந்தது என்று கேளுங்கள்.

டிப்ளமோ படிக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. ஒரு மரத்துண்டை எடை போட்டு, உலர்த்தும் அடுப்பில் ஈரம் முழுக்கப் போகும்வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பத சதவீதம் வந்துவிடும். முழுக் கட்டையை அடுப்பில் வைக்க முடியாது என்பது வாஸ்தவம். அதனால், வெளியிலிருந்தே ஈரம் காட்டுகிற மலிவான கருவி ஒன்றை எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் செய்து, பட்டறைகளுக்குக் கொடுக்கலாமே? எத்தனை காலத்துக்குத்தான் வாட்டர் லெவல் இண்டிகேட்டரையே ப்ராஜெக்ட் என்று காப்பி அடிப்பது!

எங்கள் கடற்கரை மணலில் பலா வராது. ஆனால் பூவரசும் வேம்பும் வரும். பறைக்குச் சட்டம் போட அவை உதவும். இந்த வருஷ மரம் நடு விழாவில், நிழலுக்கு மட்டுமல்ல, பறைக்கும் சேர்த்து நடுவோம்.

சரி, எங்கள் தவில் என்ன ஆயிற்று? பெரியவர் கேட்டார்: "ஒங்க பழைய கட்டை எங்கப்பா?" கோயில் பின்னறையில் வலைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. துடைத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை! "தோல்தான்யா போச்சு, கட்டை உங்க பேரனுக்கும் வரும்" என்றார். புதுத் தோல் போட்டோம். இந்த வருஷத் திருவிழாவில் அதுதான் முழங்கியது.

இனிப் புது மரம் கிடைப்பது அரிது நண்பர்களே! உங்கள் ஊர்க் கோயில் பரணிலும் சர்ச் பின்னறையிலும் இப்படி எத்தனை கட்டைகள் கிடக்கின்றனவோ? இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒருமுறை தேடிப் பாருங்கள்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை