கூடமும் கோணல்தான்! காலேஜ் பையனை "வேஸ்ட்"னு சொல்றதுக்கு முன்னாடி...



நம்ம பக்கத்துல அமெரிக்கக் காற்பந்து எதுக்குன்னு பெரியவங்க சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம இளைஞர்கள் நிறைய பேரு இப்போ என்.எஃப்.எல். பார்க்கிறாங்க. ஏப்ரல் கடைசியில அங்க வியாழக்கிழமை ராத்திரி டிராஃப்ட் தொடங்கும்போது நமக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அன்னைக்கு மாலை கட்டுற இடத்துலயும் புலனத்துலயும் அதே பேச்சுதான். அந்தப் பேச்சு போற போக்குதான் எங்களுக்குப் பிடிக்கல. "இவன் தேறமாட்டான்", "கை சின்னது", "அவன் வேஸ்ட்". யாரைச் சொல்றாங்க? 21, 22 வயசுப் பிள்ளைங்களை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிராஃப்ட்னா, பல்கலைக்கழகத்துல ஆடின பையன்களை 32 தொழில்முறை அணிகளும் வரிசையா தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி. போன பருவத்துல ரொம்ப மோசமா ஆடின அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அதுல எல்லாரும் கண்ணு வைக்கிறது குவாட்டர்பேக் மேலதான். பந்து அவர் கைக்கு வந்ததும் ஏறக்குறைய இரண்டரை விநாடிக்குள்ள எதிரணியோட அமைப்பைப் படிக்கணும், யாருக்கு எறியறதுன்னு முடிவு பண்ணணும், எறியணும். அதுக்குள்ள நூத்தி முப்பது கிலோ ஆளுங்க அவரைச் சாய்க்க ஓடி வருவாங்க. அவங்களைத் தடுக்கிறது அவரோட முன்வரிசை வீரர்கள் வேலை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு பையன் தோத்துப்போனா, "அவனைச் சேர்த்த அணி சரியில்லை"ன்னு யாராவது சொன்னா போதும், உடனே ஒரு பழமொழி வந்துடும்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! சிரிச்சு முடிச்சிடுறாங்க. நாங்க கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. கூடம் நிஜமாவே கோணலா இருந்தா? யாராவது போய்ப் பார்த்தீங்களா?

2002-ஐ எடுத்துக்குங்க. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அப்போதான் பிறந்த புது அணி. டிராஃப்டுல முதல் ஆளா டேவிட் கார் என்ற ஃபிரெஸ்னோ ஸ்டேட் பையனை எடுத்தாங்க. முதல் ஆட்டத்துல இருந்தே இறக்கிவிட்டாங்க. முன்வரிசை ஒழுங்கா இல்லை. அந்த ஒரே பருவத்துல அவர் 76 தடவை சாய்க்கப்பட்டார். ஒரு பருவத்துல எந்தக் குவாட்டர்பேக்கும் அத்தனை தடவை விழுந்ததில்லை. இன்னைக்கு அவர் பேரு எந்தப் பட்டியல்ல இருக்கு? "தோல்வியடைந்த முதல் தேர்வுகள்" பட்டியல்ல. அந்த முன்வரிசையை அமைச்சவங்க பேரு எந்தப் பட்டியல்லயும் இல்லை. இது நியாயமா?

இதைவிடத் தெளிவான கதை 2005-ல இருக்கு. அந்த வருஷம் முதல் இடத்துக்கு ரெண்டு பேரைப் பேசினாங்க: யூட்டாவின் அலெக்ஸ் ஸ்மித், கலிபோர்னியாவின் ஆரன் ராட்ஜர்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்மித்தை எடுத்தது. ராட்ஜர்ஸ் கேமரா முன்னாடி காத்திருந்து காத்திருந்து 24-ஆவது ஆளா கிரீன் பேக்குப் போனார்.

அதுக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. ராட்ஜர்ஸ் மூணு பருவம் பிரெட் ஃபார்வுக்குப் பின்னாடி உட்கார்ந்து கத்துக்கிட்டார். அவசரப்படுத்த ஆளில்லை. ஸ்மித்தை முதல் வருஷமே இறக்கினாங்க: 1 டச்டவுன், எதிரணி கையில 11 பந்து. அதோட, தாக்குதல் ஆட்டத்துக்கான பயிற்றுநர் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருத்தர்னு மாறிக்கிட்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் புது ஆட்டத்திட்டம், புதுச் சொற்கள், புது அடிவைப்பு. தவில்காரர் மாசத்துக்கு ஒருத்தர் மாறினா நாகஸ்வரக்காரர் என்ன பண்ணுவார்? ஊரே "வேஸ்ட்"னு முத்திரை குத்திடுச்சு.

2011-ல ஜிம் ஹார்போ பயிற்றுநரா வந்தார். அதே ஸ்மித், அதே கை, அதே கால். 17 டச்டவுன், எதிரணிக்குப் போனது 5 பந்து மட்டுமே. அணி 13 ஆட்டம் ஜெயிச்சு, சூப்பர் பௌலுக்கு ஒரே ஒரு படி முன்னாடி வரைக்கும் போச்சு. பையன் மாறலீங்க. கூடத்தை நேராக்கினாங்க, அவ்வளவுதான்.

கதை இன்னும் முடியல. ஸ்மித் பிறகு கன்சஸ் சிட்டிக்குப் போனார். 2017-ல அந்த அணி பேட்ரிக் மஹோம்ஸ் என்ற டெக்சஸ் டெக் பையனை 10-ஆவது ஆளா எடுத்தது. அந்தப் பருவம் முழுக்க மஹோம்ஸ் ஆடினது ஒரே ஒரு ஆட்டம். மீதி நாளெல்லாம் ஸ்மித்துக்குப் பின்னாடி உட்கார்ந்து, அவர் எப்படித் தயாராகுறார்னு பார்த்தார். அடுத்த வருஷம் இறங்கினதும் 50 டச்டவுன், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதுக்கப்புறம் மூணு சூப்பர் பௌல். "வேஸ்ட்"னு சொல்லப்பட்ட மனுஷன்தான் அந்தப் பையனுக்கு முன்னாடி நின்னு வழி காட்டினவர். இதை எத்தனை பேரு சொல்றீங்க?

அதே 2017-ல சிகாகோ அணி மூணாவது இடத்துல இருந்து ரெண்டாவது இடத்துக்கு, ஒரே ஒரு படி முன்னாடி போக, கூடுதல் தேர்வுகளை விட்டுக்கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தது. நார்த் கரோலினாவுல அவர் ஆட்டத்தைத் தொடங்கினது மொத்தம் 13 தடவை. பதிமூணே ஆட்டம்! ஒரு பிள்ளை நெருக்கடியில என்ன பண்றான்னு அதுல எவ்வளவு தெரியும்? அந்த முடிவை எடுத்தவங்க பெரியவங்க. ஆனா திட்டு வாங்கினது யாரு?

சரி, எதிர்க்கேள்வி வரும். "அப்போ எல்லாமே அணியோட தப்பா? ஜமார்கஸ் ரஸ்ஸல் கதை என்ன?" ஒத்துக்கிறோம். 2007-ல ஓக்லண்ட் முதல் ஆளா எடுத்த ரஸ்ஸலுக்கு இருந்த கை பலம் அபூர்வம். மூணே பருவத்துல முடிஞ்சுபோச்சு, உழைப்புப் போதலைங்கிற குற்றச்சாட்டு அவர் மேல நிக்குது. 1998-ல பெய்டன் மேனிங்குக்கு அடுத்து ரெண்டாவதா போன ரயன் லீஃபும் தன் நடத்தையாலேயே கெட்டார். ஆடத் தெரியாதவங்களும் இருக்காங்க, நாங்க மறுக்கல. ஆனா கவனிங்க: ரஸ்ஸலை எல்லாரும் மெச்சினது எதுக்காக? உயரம், எடை, பந்தை எவ்வளவு தூரம் எறியறார். அதாவது, எளிதா அளக்க முடிஞ்சதை அளந்தாங்க. அளக்கக் கஷ்டமானதை விட்டுட்டாங்க. அங்கயும் கோணல் தராசுலதான்.

அந்தத் தராசோட பழைய கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். வாரன் மூன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1978 ரோஸ் பௌலை ஜெயிச்சுக் கொடுத்து சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். அந்த வருஷ டிராஃப்டுல அவரை ஒரு அணியும் எடுக்கல. கறுப்பின இளைஞர்கள் ஓடுவாங்க, பிடிப்பாங்க, ஆனா குவாட்டர்பேக்கா யோசிக்க மாட்டாங்கங்கிற எண்ணம் அப்போ அவ்வளவு பரவலா இருந்துச்சு. இடத்தை மாத்திக்கோன்னு சொன்னாங்க. அவர் மாத்தல. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்குத் தொடர்ந்து 5 கிரே கோப்பை வாங்கிக் கொடுத்துட்டுத் திரும்பி வந்தார். 2006-ல ஹால் ஆஃப் ஃபேம்ல அவர் பேரு ஏறுச்சு.

பழைய காலம்னு விட்டுடாதீங்க. 2018-ல லமார் ஜாக்சன் வரும்போது கையில ஹைஸ்மன் விருது இருந்துச்சு. அப்பவும் பில் போலியன் மாதிரி பழுத்த அனுபவசாலியே, "பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறணும்"னு பொதுவுல சொன்னார். முதல் சுற்றுல கடைசி ஆளா, 32-ஆவதா பால்டிமோர் எடுத்தது. அவங்க பையனை மாத்தல, அவரோட ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் ஏத்த மாதிரி ஆட்டத்திட்டத்தையே மாத்தினாங்க. 2019-ல ஒரு ஓட்டு கூட சிதறாம சிறந்த ஆட்டக்காரர் விருது. 2023-ல மறுபடியும்.

அதே 2018-ல மூணாவதா நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனவர் சாம் டார்னல்ட். அங்க மூணு பருவம், அப்புறம் கரோலைனா, "முடிஞ்ச கேஸ்"னு பேரு. 2024-ல மினசோட்டாவுல நல்ல பயிற்றுநரும் நல்ல துணையும் கிடைச்சதும் 35 டச்டவுன், 14 வெற்றி. முதல் ஆளா போன பேக்கர் மேஃபீல்டை 2022-ல ஒரே வருஷத்துல ரெண்டு அணி கைகழுவுச்சு. 2024-ல தம்பா பேயில 41 டச்டவுன் எறிஞ்சார். ஒரே வருஷத்துப் பிள்ளைங்க, இத்தனை உதாரணம். இன்னுமா பழமொழியைச் சொல்லிக்கிட்டு இருக்கப் போறீங்க?

சரி, அப்போ எப்படித்தான் எடைபோடறது? எங்க அறிவுக்கு எட்டினவரை மூணு கேள்வி.

ஒண்ணு: இவன் எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கான்? 2022-ல கடைசி ஆளா, 262-ஆவதா போன பிராக் பர்டி, அயோவா ஸ்டேட்டுல நாலு பருவம் ஆடினவர். உயரம் கம்மி, கை பலம் சுமார்னு சொன்னாங்க. ரெண்டாவது வருஷத்துலயே சூப்பர் பௌல்ல நின்னார். நாலு வருஷ ஆட்டத்துல தெரியிறது ஒரு நாள் ஓட்டப்பந்தயத்துல தெரியாது.

ரெண்டு: முதல்ல பார்த்த ஆள் அடைபட்டுட்டா இவன் என்ன பண்றான்? அடுத்த ஆளைத் தேடுறானா, பந்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறானா, பயந்து ஓடுறானா? அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் வீடியோவுல இது இருக்காது. தோத்த ஆட்டத்தை முழுசா உட்கார்ந்து பாருங்க.

மூணு: இவனை வாங்கப்போற அணியில முன்வரிசை எப்படி? பயிற்றுநர் அடுத்த வருஷம் இருப்பாரா? 2023-ல கரோலைனா, நல்ல ஆட்டக்காரர் டி.ஜே. மூரையும் பல தேர்வுகளையும் கொடுத்து முதலிடம் வாங்கி பிரைஸ் யங்கை எடுத்தது. பந்தைப் பிடிக்க இருந்த நல்ல ஆளையே வித்துட்டு, எறியிற பையனை வாங்கினாங்க! 11 ஆட்டத்துலயே பயிற்றுநரை நீக்கிட்டாங்க. அணி 17-ல ஜெயிச்சது ரெண்டே ஆட்டம். அப்பவும் எல்லாரும் பேசினது, பையன் உயரம் 5 அடி 10 அங்குலம்தான்னு.

தம்பிங்களா, விளையாட்டைப் பத்திப் பேச வேணாம்னு சொல்லல. நல்லா பேசுங்க, சண்டை கூடப் போடுங்க. ஆனா அடுத்த ஏப்ரல்ல ஒரு பையன் பேரை வாசிக்கும்போது, அவனைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா, அவனை எடுத்த அணியைப் பத்தியும் ஒரு கேள்வி கேளுங்க. மூணு வருஷம் கழிச்சு அவன் விழுந்தா, யார் தூக்கி நிறுத்தலைன்னும் சேர்த்துப் பாருங்க.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, மரியாதையோட. "வேஸ்ட்"ங்கிற வார்த்தை மட்டும் நம்ம பக்கத்துல வேணாம்.


தொண்டூழியர் குழு