35 என்ற விடை சொல்வது

52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் தப்புப் போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதியிருக்கிறது அந்தப் பிள்ளை. பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவது ஏன் என்பதே அதற்கு விளங்கவில்லை. 24 என்று எழுதிய பிள்ளையோ வெறுமனே எண்ணுவதில் பிசகியிருக்கலாம். இருவருக்கும் ஒரே பூஜ்யம் என்றால் ஆசிரியருக்குக் கிடைத்த தடயம் அழிந்துபோகிறது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த, பாடம் நடக்கும்போதே புரிதலைக் கண்டறியும் வளரறி மதிப்பீடு இந்தத் தடயத்துக்காகத்தான். அதை 40 மதிப்பெண்ணாக்கிப் பதிவேட்டில் ஏற்றியதும் நிரப்ப வேண்டிய கட்டமாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது நல்ல திருத்தம். பிரித்த மறுநாள் பாடம் மாற வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடங்கள், இதற்கு நேரமேது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆனால், பாடம் முடிகையில் ஒரே ஒரு கணக்கு, நோட்டுகளை விடைவாரியாக இரண்டு மூன்று அடுக்காகப் பிரித்தல், மறுநாள் 35 எழுதியவர்களோடு பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அவிழ்த்துக் காட்டப் பத்து நிமிடம்: இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய மதிப்பீடு கற்றலை உயர்த்துவதையும், பின்தங்கியவர்களுக்கே அது கூடுதலாகக் கைகொடுப்பதைப் பல ஆய்வுகள் காட்டியதையும் எடுத்துவைத்தது. நேரத்தைத் தின்பது மதிப்பெண் பதிவேற்றம். அந்தச் சுமையைக் கல்வித்துறை முதலில் குறைக்கட்டும்.