வாங்கலாமா? - காலால் மூச்சுவிடும் கிட்டார்... குறைந்த விலையில் வால்யூம் பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி?

``தம்பி, எங்க அப்பாவுக்கு 68 வயசு. அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல ஹவாய் கிட்டார் வாசிச்சவர். இப்போ டெக்சாஸ்ல எங்களோட இருக்கார். பொழுது போகட்டும்னு பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒண்ணு வாங்கிக் கொடுத்தோம். `சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. கை போச்சா, காது போச்சான்னு தெரியலை'ன்னு சொல்லி, இப்போ அதைத் தொடுறதே இல்ல. வால்யூம் பெடலை மாத்தினா சரியாகுமா? நிறைய செலவு பண்ண முடியாது.''

போன மாதம் நமக்கு வந்த மெயில் இது. மிக்ஸி, ஹெட்போன் என்று போய்க்கொண்டிருந்த நம் தொடருக்கு இப்படியொரு கேள்வி புதுசு. ஆனால், ஒரு பெரியவர் தன் கை மேலேயே சந்தேகப்படுகிறார் என்றால் சும்மா விட முடியுமா? விசாரித்தோம்.

அது என்ன பெடல் ஸ்டீல்?

மேஜைபோல நாலு கால்களில் நிற்கும் கிட்டார். பெரும்பாலும் 10 கம்பிகள். இடது கையில் இருக்கும் இரும்பு பாரைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிப்பார்கள். நம் கோட்டு வாத்தியம் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். இடது காலுக்குக் கீழே சில பெடல்கள், முழங்கால்களை ஒட்டி லீவர்கள். இவை கம்பியின் சுருதியை ஏற்றி இறக்கும். 1954-ல் வெப் பியர்ஸ் பாடி ஹிட்டான `ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்த பிறகுதான், அமெரிக்க கன்ட்ரி இசையில் இந்தச் சத்தத்துக்குப் பெரிய மவுசு வந்தது.

வலது காலுக்குத்தான் வால்யூம் பெடல். மீட்டிய கம்பியின் ஒலி நொடிக்கு நொடி தேயும். அது தேயத் தேய, பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் ஒலி குறையாமல் நீளும். அதனால்தான் இந்த கிட்டார் பாடுவதுபோலக் கேட்கிறது. சாதாரண கிட்டாருக்கு இந்தப் பெடல் கூடுதல் வசதி. இதற்கோ மூச்சு. ஆக, காசைக் குறைக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

1. உள்ளே என்ன `பாட்'? பெடலுக்குள் ரேடியோவின் வால்யூம் திருகி போன்ற ஒரு பாகம் இருக்கும். அதன் பெயர் பாட். பேட்டரி இல்லாத பிக்கப் கொண்ட பெடல் ஸ்டீலுக்கு 500 கிலோ ஓம் பாட்தான் வழக்கம். 250-ம் ஓரளவு சமாளிக்கும். 25 என்றால் கீபோர்டு போன்றவற்றுக்கானது. நேரடியாக இணைத்தால் ஒலியின் பளிச்சென்ற பகுதியை விழுங்கிவிடும். எர்னி பால் வி.பி. ஜூனியர் மாடல் 250, 25 என இரண்டு வகையிலும் வருகிறது. பாஸ் எஃப்.வி-500 மாடலில் `ஹெச்' கிட்டாருக்கு, `எல்' கீபோர்டுக்கு. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆன்லைனில் வாங்கும்போது உஷார்!

2. உயரம். பெடல் உயரமாக இருந்தால் வலது முழங்கால் மேலே ஏறி, லீவர்களோடு மோதும். வாசிக்கும்போது போடும் செருப்பு அல்லது ஷூவோடு உட்கார்ந்து, இடத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். ரொம்ப லேசான பிளாஸ்டிக் பெடல் தரையில் நழுவும். அடியில் ரப்பர் மேட் போட்டால் போதும்.

3. ரிப்பேர் செய்ய முடியுமா? சிலவற்றில் பாட்டை நூல் சுழற்றும், சிலவற்றில் பல்சக்கரம். நூல் அறுந்தால் மாற்றலாம். பாட் தேய்ந்தால் `கரகர' சத்தம் வரும், அதையும் மாற்றலாம். ஒளி சென்சாரில் இயங்கும் பெடல்களில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் மின்சாரம் வேண்டும், ஸ்டீலுக்கென்றே செய்தவை விலையும் அதிகம். குறைந்த பட்ஜெட் என்றால், திறந்து சரிசெய்யக்கூடிய பழைய பாட் பெடலே நல்ல சாய்ஸ்.

4. ஏற்றம் சீராக இருக்கிறதா? கடையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒலி படிப்படியாக ஏற வேண்டும். பாதிவரை ஒன்றுமில்லாமல் கடைசியில் திடீரென எகிறினால், வேண்டாம்.

காசில்லாமல் ஒரு டெஸ்ட்

புதுசு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பெடலை எடுத்துவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் சொருகி வாசியுங்கள். ஒலி சட்டெனத் தெளிந்தால், குற்றவாளி பெடல்தான். தெளியவில்லையா? கேபிள், பிக்கப், ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள்.

டெக்சாஸ் அக்காவிடம் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னோம். கூடவே, பெடலில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கச் சொன்னோம். மறுநாள் பதில் வந்தது: ``25 கே-ன்னு போட்டிருக்கு தம்பி. என் பையனோட கீபோர்டு பெடல். சும்மாதானே கிடக்குன்னு தாத்தாவுக்குக் கொடுத்துட்டான். நேரா சொருகினதும் அப்பா முகமே மாறிடுச்சு!''

கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் `பஃபர்' என்ற சின்னப் பெட்டியை வைத்தால் அதே பெடலையே பயன்படுத்தலாம். ஆனால் அவர்கள் பழைய பொருள் கடை ஒன்றில் 60 டாலருக்கு 500 கே பெடல் ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். அது கரகரத்தது. பேரன் யூடியூப் பார்த்து சால்டரிங் செய்ய, தாத்தா டார்ச் அடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புது பாட் ஏறிவிட்டது.

அவருக்கு நாம் சொன்ன ஒரே டிப்ஸ்: மீட்டும்போதே பெடலை முழுசாக அழுத்திவிடாதீர்கள். பாதி அழுத்தத்தில் ஆரம்பித்தால்தான், ஒலி தேயும்போது ஏற்றுவதற்கு மிச்சம் இருக்கும்.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். பின்னணியில் கிட்டார் நிற்காமல் பாடிக்கொண்டிருக்கிறது. ``தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல வாசிக்காம இருக்க ஏதாவது கருவி இருந்தா அடுத்த வாரம் எழுதுங்க!''

அவர் காதும் கையும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் `எனக்கு வயசாயிடுச்சு' என்று ஓரம்கட்டப்பட்ட பொருள் ஏதாவது இருக்கிறதா? ஒருவேளை பழுது பொருளில் இருக்கலாம். எழுதுங்கள், பார்த்துவிடலாம்!