கரிசலுக்கு மேல் செம்மண் எதற்கு?

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் புதுவீடு கட்டி முடித்த கையோடு, தோட்டத்துக்கென்று லாரியில் செம்மண் வந்து இறங்குகிறது. கரிசலில் செடி வராதாம். பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும் தலைமுறை தலைமுறையாக விளைந்த மண்ணுக்கு இந்தக் கெட்டபெயர்!

இந்தப் பயம் கட்டடவேலையிலிருந்து தோட்டத்துக்குத் தாவியது. களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. கரிசலில் அது மழைநீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சுவர் விரிசல்விடும் என்பதால் அஸ்திவாரத்தில் கரிசலை அள்ளிவிட்டு கிராவல் கொட்டுகிறார்கள். அது நியாயம். ஆனால் நீரையும் சத்தையும் விடாமல் பிடித்துவைக்கும் அதே களிதான், மழை ஓய்ந்த பிறகும் மானாவாரிப் பருத்தியைத் தாங்கி நிற்கிறது.

குறையே இல்லை என்றில்லை. அடைமழையில் நீர் தேங்கினால் வேர் காற்றின்றி அழுகும். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கக் கொழுந்திலை மஞ்சளாகும்.

இதற்கு மணல் மருந்தல்ல. கொஞ்சமாகக் கலந்தால் மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். ஜிப்சமும் களர் நிலத்துக்கு உரியது. மண் பரிசோதனை செய்யாமல் அதை வாங்குவது வீண்செலவு.

மேட்டுப்பாத்திதான் வழி. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், கரிசல் நிலங்களுக்குச் சுமார் 1 மீட்டர் அகலப் பாத்தியும் அரை மீட்டர் வாய்க்காலும் கொண்ட முறையைப் பரிந்துரைத்தது. மிகுந்த மழைநீர் வாய்க்காலில் வடிய, பாத்தியில் வேருக்குக் காற்று கிடைக்கும். கொல்லைப்புறத்துக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். பாத்தியில் மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கலந்து, மேலே காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போட்டால் வெடிப்பும் குறையும்.

பதம் பார்ப்பது முக்கியம். ஈரத்தில் கொத்தினால் மண் கட்டிதட்டும். நன்றாகக் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டும்போது உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை தாராளமாக வரும். முருங்கைக்கு மேடு வேண்டும். கேரட் கோணலாகக் கிளைக்கும் என்பதால் அதைப் பையில் வளர்ப்பது நல்லது.

செம்மண் லோடுக்குச் செலவாகும் பணத்தில் பல ஆண்டுக்கான தொழுவுரம் வாங்கலாம். அந்தச் செம்மண்ணுக்காக வேறோர் ஊரில் பள்ளம் விழுவதும் மிச்சம். நகராட்சிகளின் நுண் உரக் கூடங்களில் காய்கறிக் கழிவு உரமாகிறது. அதை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு வார்டுதோறும் கொடுக்க உள்ளாட்சிகள் முன்வர வேண்டும். ஆவணிக்குள் கைக்கு வந்தால், ஐப்பசி மழைக்கு முன் பாத்தி தயாராகிவிடும்.