ஊருக்குப் போகும் வழியில் காடும் ஓர் ஊர்தான்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் ஏராளம். விசேஷம், விடுமுறை என்றால் சாமராஜநகர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் இறங்குவதுதான் நமது வழக்கம். அண்மைக் காலமாக நம்மவர் கூடும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. “முன்பெல்லாம் கடையை மூடிவிட்டு ராத்திரியே கிளம்பி, விடியும்போது ஊரில் இருப்போம். இப்போது சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுகிறார்களே!” என்பதே அது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊட்டிக்குச் செல்லும் பந்திப்பூர்ச் சாலையிலோ 2009 முதலே இரவு 9 மணிக்குமேல் காலை 6 மணி வரை தடை இருக்கிறது. வியாபாரிகளுக்கும், அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கும் இது சிரமம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தத் தடை வேண்டும் என்பதே என் கருத்து. பகலில் நிதானமாகப் போய்ப் பார்த்தால் அதற்கான காரணம் தானே விளங்கும்.

மைசூரிலிருந்து சத்தியமங்கலம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால் முதலில் நஞ்சன்கூடு. கபிலை நதிக்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில். தன் யானையின் கண்நோய் தீர்ந்ததற்காகத் திப்பு சுல்தான் இக்கோயிலுக்குப் பச்சை லிங்கம் ஒன்றைக் காணிக்கையாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊரின் நுழைவில் 18ஆம் நூற்றாண்டுக் கல் பாலம் இன்னும் நிற்கிறது. அடுத்தது சாமராஜநகர். அரிகொட்டாரம் என்பது இதன் பழைய பெயர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தை பிறந்த ஊர் என்பதால் அவர் பெயரையே இதற்குச் சூட்டி, 1826இல் சாமராஜேஸ்வரர் கோயிலையும் கட்டினார்.

புணஜனூரைத் தாண்டினால் தமிழ்நாடு. இங்கேதான் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. எல்லையைக் கடந்த பிறகும் தாளவாடி வட்டாரத்தில் கன்னடம் சரளமாகக் கேட்கும். இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கன்னட மக்கள் கொண்டாடும் நடிகர் ராஜ்குமாரின் பண்ணை வீடு தமிழ்நாட்டுத் தொட்டகாஜனூரில். 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்தியதும் அங்கிருந்துதான். அவர் விடுதலையாகும் வரையிலான 108 நாட்களும் கர்நாடகத் தமிழர்கள் எத்தனை கவலையோடு கழித்தார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காவிரிப் பிரச்சினை முற்றிய 2016 செப்டம்பரில் இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுபோயின. கோபதாபங்கள் வந்து போகும். இரண்டு மொழியும் கலந்து பேசும் மக்கள் இம்மலையில் காலங்காலமாக வாழ்கிறார்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசும் நம் குழந்தைகள் இதைக் கண்ணால் பார்ப்பது நூறு அறிவுரைக்குச் சமம்.

ஆசனூரிலிருந்து அடர்ந்த காடு. 2013இல் இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கூடும் இடம் இது. யானைக் கூட்டங்கள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போகும் தடத்தின் குறுக்கேதான் நமது சாலை ஓடுகிறது. கரும்பு லாரிகளிலிருந்து வீசப்படும் கரும்புக்குப் பழகிய யானைகள் சோதனைச் சாவடி அருகிலேயே லாரிக்காகக் காத்து நிற்கின்றன. நாம் இரக்கப்பட்டு எறியும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் அதே கெட்ட பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன. தெருவில் பிச்சை கேட்க நாமே பழக்கிவிட்டு, பிறகு “யானை வழிமறிக்கிறது” என்று குறைசொல்வது என்ன நியாயம்?

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் பண்ணாரி அம்மன் சந்நிதி. நேரம் இருப்பவர்கள் பவானிசாகருக்கும் போகலாம். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீருக்குள் ஹொய்சளர் காலத்துத் தணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. நீர் வெகுவாக வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். 1790இல் திப்புவின் படை ஆங்கிலேயரோடு மோதியதும் இந்தச் சத்தியமங்கலத்தில்தான்.

இரவில் போனால் இவற்றில் ஒன்றேனும் கண்ணில் படுமா? கண் கூசும் விளக்கொளியும், உறங்கும் குழந்தைகளும், திடீரென்று குறுக்கே வரும் ஒரு மானும்தான் மிச்சம்.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு முழுப் பகலை வழிக்கென்றே ஒதுக்குங்கள். கட்டுச்சோற்றை நஞ்சன்கூட்டிலோ சாமராஜநகரிலோ பிரித்துச் சாப்பிடுங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், ஒலிப்பானை அடிக்காதீர்கள், குரங்குக்கும் யானைக்கும் எதுவும் போடாதீர்கள், காலிப் பொட்டலத்தை வீடு வரை கொண்டுபோங்கள். பொழுது சாய்வதற்குள் பண்ணாரியை அடைந்துவிடுங்கள்.

பகல் முழுக்க நாம் போய்வரும் சாலையை இரவில் சில மணி நேரம் காட்டுக்கு விட்டுக்கொடுப்பதால் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.