மதிப்பும் ஊதியமும்

'ஹானரேரியம்' என்ற சொல்லைத் தமிழில் 'மதிப்பூதியம்' என்று எழுதி வருகிறோம். தொழிற்சங்க அறிக்கைகளை மொழிபெயர்க்கும் பணியில் இச்சொல்லை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லாக்கத்தில் குறையேதும் இல்லை. மதிப்பு, ஊதியம் ஆகிய இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் அச்சொல் யாரைக் குறித்து ஆளப்படுகிறதோ அந்த அங்கன்வாடி ஊழியருக்கு அவ்விரண்டில் ஒன்றும் முறையாகக் கிடைப்பதில்லை. ஊதியம் என்று சொன்னால் அவர் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலாளி என்றால் குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தர வேண்டும். அதைத் தவிர்க்கவே அரசுக்கு இச்சொல் தேவைப்படுகிறது.

பெண்ணியம் என்றவுடன், அது மேலை நாடுகளிலிருந்து அலை அலையாக வந்து சேர்ந்த நடுத்தர வர்க்கச் சிந்தனை என்று கருதும் தோழர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பெண்கள் இயக்கத்தின் வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. 1910 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்களின் இரண்டாவது சர்வதேச மாநாட்டில், ஆண்டுதோறும் மகளிர் தினம் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்ற முன்மொழிவை வைத்தவர்களில் முதன்மையானவர் கிளாரா ஜெட்கின். மறு ஆண்டு மார்ச் 19 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அது கடைப்பிடிக்கப்பட்டது. 1917 மார்ச் 8 அன்று பெத்ரோகிராடு நகரின் நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தனர். ஜார் ஆட்சியை வீழ்த்திய பிப்ரவரிப் புரட்சி அங்கே தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவை இந்நாளை ஏற்றுக்கொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இன்று அந்நாளில் நகைக்கடைகள் தள்ளுபடி அறிவிக்கின்றன. நம் கையிலிருந்த நாளை வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று குறைபடும்போது, நாம் அதை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலேயும், 1882இல் ஆண் பெண் ஒப்பீட்டை மராத்தியில் நூலாக எழுதிய தாராபாய் ஷிண்டேயும் சாதியையும் ஆணாதிக்கத்தையும் ஒருசேர எதிர்த்தவர்கள். 1940களில் தெலங்கானாவில் தன் நிலத்தையும் விளைச்சலையும் தேஷ்முக்கிடமிருந்து காத்து நின்ற சாகலி ஐலம்மா, சலவைத் தொழிலாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். வங்கத்தின் தேபாகா போராட்டத்தில் உழவர் பெண்கள் போலீசை எதிர்த்து நின்றார்கள். 1970களின் தொடக்கத்தில் விலைவாசி உயர்வுக்கு எதிராகப் பம்பாயில் அகல்யா ரங்னேகர், மிருணாள் கோரே போன்றோர் தலைமையில் சப்பாத்திக் கட்டையும் தட்டும் ஏந்திப் பெண்கள் திரண்டனர். அடுப்படிப் பொருள்கள் அன்று அரசியல் சின்னங்களாயின.

இந்த வரலாற்றில் நமக்குக் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. 1980களில் ஹைதராபாத்தின் பெண்கள் அமைப்பொன்று, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கேற்ற பெண்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்து நூலாக்கியது. தலைமறைவு வாழ்க்கையில் தாங்கள் பெற்ற விடுதலை உணர்வைப் பற்றி அப்பெண்கள் பெருமையுடன் பேசினார்கள். 1951இல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்ட பின்னர், வீட்டுக்குத் திரும்பும்படி சொல்லப்பட்டதைப் பற்றியும் பேசினார்கள். துப்பாக்கி ஏந்தத் தகுதி பெற்ற கைகளுக்கு மீண்டும் கரண்டி தரப்பட்டது. இதை எதிரிகளின் அவதூறு என்று ஒதுக்கிவிட முடியாது. போராட்டத்தை உயிரினும் மேலாக நேசித்தவர்களின் வாக்குமூலம் இது.

1974இல் வெளிவந்த 'சமத்துவத்தை நோக்கி' என்ற அரசுக் குழுவின் அறிக்கை, விடுதலைக்குப் பின் பெண்களின் நிலை உயர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தனர்; 1971இல் அது 930ஆகக் குறைந்திருந்தது. காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளான மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தபோது, 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் கிளர்ச்சிக்கு வித்திட்டது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

அதன் பின்னர் வந்த ஒரு நிகழ்வில் என் கேள்விக்கான விடை இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அவர் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றியவர், மதிப்பூதியம் பெற்றவர். அவருக்கு நேர்ந்த கொடுமையை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. நாட்டின் உழைக்கும் பெண்கள் அனைவருக்கும் பணியிடப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்த போராட்டத்தின் மூலவரை, அரசு முழுமையான ஊழியராகக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்று அதே நிலையில் பல லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 2005இல் வந்த ஆஷா ஏற்பாடும் அவர்கள் தோளில் நிற்கின்றன. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி அறிவித்த மாதத் தொகை அங்கன்வாடி ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைக் கூட்டித் தருகின்றன. அது அந்தந்த மாநிலத்துப் போராட்ட வலிமையைப் பொறுத்தது. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு இன்றும் தன்னார்வத் தொண்டு என்ற பழைய பல்லவியைப் பாடுகிறது.

குழந்தைக் காப்பகங்களையும் பொது உணவுக்கூடங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாகக் கண்டு 1919இல் லெனின் எழுதினார். வீட்டின் நான்கு சுவர்களுக்குள் பெண் தனியாகச் சுமக்கும் பணியைச் சமூகம் ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். அங்கன்வாடி அத்தகைய முளைதான். ஆனால் இங்கே சமூகம் ஏற்றது பெயருக்குத்தான். ஒரு வீட்டின் சுமையை இறக்கி, ஊர்ச் சுமை முழுவதையும் இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாய்மைக்கு விலையில்லை என்ற புகழ்மொழியைக் கூலி மறுப்பதற்கான காரணமாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே, திட்டப் பணியாளர்களின் கோரிக்கையை அவர்களுடைய சங்கத்தின் பொறுப்பு என்றோ, மாதர் அமைப்பின் பொறுப்பு என்றோ நாம் விட்டுவிடலாகாது. அது வர்க்கக் கோரிக்கை. பெண் விடுதலைக் கோரிக்கையும் அதுவே. இரண்டும் ஒன்றாகும் இடத்தில் கட்சி முழுவதும் நிற்க வேண்டும்.

அந்தக் கோரிக்கையை உரக்க எழுப்ப நமக்கொரு தகுதியும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள்; அவ்வேலைகளைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். நம் தோழர்களின் வீடுகள் இக்கணக்குக்கு விதிவிலக்கா? இரவு எட்டு மணிக்குக் கிளைக் கூட்டம் வைத்துவிட்டு, பெண் தோழர்கள் வருவதில்லை என்று அறிக்கையில் எழுதுகிறோம். அவ்வறிக்கைகளை மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக, ஏறக்குறைய அதே சொற்களில் எழுதிவருகிறேன். கூட்ட நேரத்தை மாற்றினோம் என்ற வாக்கியத்தை மொழிபெயர்க்கும் வாய்ப்பு எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

மதிப்பூதியம் என்ற சொல்லை அரசின் ஆணையை மேற்கோள் காட்டும்போது மட்டுமே இனி எழுதுவது என முடிவு செய்திருக்கிறேன். நம் கோரிக்கைகளில், நம் துண்டறிக்கைகளில், நம் தீர்மானங்களில் ஊதியம் என்றே எழுதுவோம். மதிப்பு, அதைப் பெற்றுத் தரும் போராட்டத்தில் வரட்டும்.