வாசல் தெளித்த பிறகுதான் கோலம்



ஆவடியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இந்த வாரம் என் மேஜை மேல் இருக்கிறது. “அடுத்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் என்னை நிற்கச் சொல்லித் தெருவில் எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். என் வீட்டுக்காரரோ, ‘நீ கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக் கொள்கிறேன்’ என்கிறார். நிற்பதா, வேண்டாமா? நின்றால் ஜனங்களிடம் எதை முதலில் சொல்வது?” என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நீங்கள் தேர்தலில் நிற்காமலிருக்கலாம். ஆனால் உங்கள் வாசலில் வந்து கை கூப்பி நிற்கும் அபேட்சகரிடம் என்ன கேட்பது என்று தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டாமா? ஆகையால் பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில், நிற்பதா என்ற கேள்வி. சென்னை மாநகராட்சிக்கு முதல் பெண் மேயராகத் தாரா செரியன் வந்தது 1957-ல். அடுத்தவர் காமாட்சி ஜெயராமன், அது 1971-ல். மூன்றாமவரான ஆர். பிரியா பதவி ஏற்றது 2022 மார்ச்சில். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது! நம் ராஜ்யத்தில் ஸ்தல ஸ்தாபனங்களில் சரிபாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது 2016-ல். நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். அதில் உட்காருவது நாமா, நம் பெயரைச் சொல்லிக் கொண்டு வேறொருவரா என்பதுதான் இனிப் பாக்கி.

“கௌன்ஸிலர் என்று ஒருவர் இருந்து என்ன ஆகிவிடப் போகிறது?” என்று சலித்துக் கொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். 2016 அக்டோபரில் பழைய கௌன்ஸிலர்களின் காலம் முடிந்த பின், 2022 பிப்ரவரி வரை நகரங்களில் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகள்தாம் நிர்வாகம் பார்த்தார்கள். தெரு விளக்கு எரியாவிட்டால் நேரே போய்க் கேட்பதற்கு, நம் தெரு ஓட்டில் வந்த ஒரு மனிதர் கிடையாது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. ஆனால் அதன் 48 வார்டுகளுக்கும் கௌன்ஸிலர்கள் வந்ததோ 2022-ல்தான்.

இனி, எதை முதலில் சொல்வது?

நம் மேற்குப் புறநகர் வளர்ந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இந்தப் பக்கமெல்லாம் பெரும்பாலும் ஏரியும், ஏரிப் பாசன வயலும்தான். 1961-ல் ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. பிழைப்பைத் தேடி ஜனங்கள் வந்தார்கள். வயல்கள் மனைகளாயின. 2001-ல் சுமார் 2.3 லட்சமாக இருந்த ஆவடியின் ஜனத்தொகை, பத்தே வருஷத்தில் சுமார் 3.45 லட்சம் ஆகிவிட்டது.

வயலை மனையாக்கலாம், ஆனால் தண்ணீருக்கு அது தெரியாதே! அது பழைய வழியிலேயே போகப் பார்க்கிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று ஒன்றுக்கொன்று கோத்து வைத்திருந்தார்கள் நம் முன்னோர்கள். நடுவிலே வாய்க்காலை மறித்து வீடு கட்டினால், வாய்க்கால் வீட்டுக்குள்ளே வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தொழிற்பேட்டை முதற்கொண்டு தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதோடு போயிற்றா? சாக்கடைக் குழாய் இல்லாத தெருக்களில் வீட்டுக் கழிவு ஜலத்தை மழைநீர்க் கால்வாயில் திருப்பி விட்டுவிடுகிறார்கள். அது நேரே ஏரிக்குப் போகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதைப் பற்றி அங்குள்ள ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியதாயிற்று.

ஆனால் எந்த அபேட்சகரைக் கேட்டாலும் முதல் வாக்குறுதி என்ன? “பளபளவென்று ரோடு போட்டுத் தருகிறேன்!” என்பதுதான்.

நாம் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகல்லவா கோலம் போடுகிறோம்? குப்பையின் மேல் கோலம் போட்டு, பிறகு பெருக்குகிற பெண் உலகத்தில் உண்டா? ஆனால் நகர நிர்வாகத்தில் அதுதான் நடக்கிறது. தை மாதம் ரோடு போடுவார்கள். சித்திரையில் குடிநீர்க் குழாய்க்கென்று தோண்டுவார்கள். ஆடியில் சாக்கடைக் குழாய்க்கென்று மறுபடி தோண்டுவார்கள். ஐப்பசி மழையில் பள்ளம் எது, பாதை எது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விழுந்து எழுந்திருப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் வீடு பழைய வீடாயிருந்தால், கட்டின காலத்தில் தெருவிலிருந்து எத்தனை படி ஏறினீர்கள்? இப்போது எத்தனை படி? மூன்று படி ஏறின வீட்டில் இன்றைக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கும்! பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு பள்ளத்தில் போய்விட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு ஏட்டிலே இருக்கிறது. அது தெருவிலே நடக்கிறதா என்று ரோடு போடும் அன்றைக்கு நின்று பார்க்க வேண்டியவர் கௌன்ஸிலர்.

ஆகவே, ஆவடி சகோதரிக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் பூமிக்கு அடியில் உள்ள காரியம்: மழை ஜலம் எந்த வழியாக வெளியேறும், கழிவு ஜலம் எதில் சேரும் என்பது. இரண்டாவது, குடிக்கிற தண்ணீர். மூன்றாவது, தினமும் குப்பை எடுப்பதும் தெரு விளக்கும். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து தனியாகத் திரும்பும் பெண்ணுக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை வெளிச்சம் வேண்டும். அதை அலங்காரம் என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் பிறகு ரோடு. அதற்கும் பிறகு, காசு மிஞ்சினால், நுழைவாயில் வளைவும் நீரூற்றும்!

செய்ய முடியாததைச் சொல்லவே வேண்டாம். பட்டா கொடுப்பது தாசில்தார் ஆபீஸ் காரியம். மின்சாரம் வாரியத்தின் காரியம். ரெயில் எங்கே நிற்கும் என்பதை ரெயில்வேக்காரர்கள்தாம் தீர்மானிப்பார்கள். 2011-ல் சென்னையோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூரிலே, மழைநீர்க் கால்வாய் மாநகராட்சிப் பொறுப்பு. குடிநீரும் சாக்கடைக் குழாயும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. உங்கள் ஊரில் எது யார் கையில் என்று முதலில் விசாரித்து எழுதி வைத்துக் கொள்ளுங்கள். “இது என் வேலை, இது என் வேலையல்ல, ஆனால் உரிய இடத்தில் போய்க் கேட்பேன்” என்று பிரித்துச் சொல்கிற அபேட்சகரை ஜனங்கள் நம்புவார்கள்.

ஓட்டுக் கேட்கப் புறப்படுவதற்கு முன்னால், ஒரு நல்ல மழை நாளில் குடையும் நோட்டுப் புத்தகமுமாக வார்டு முழுவதும் நடந்து பாருங்கள். எந்த மூலையில் ஜலம் தேங்குகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்று குறித்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு நின்று பெண்களைக் கேளுங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பது, அதற்காக விழித்துக் கொண்டிருப்பவளுக்குத்தானே தெரியும்? அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்கள் தேர்தல் அறிக்கை.

ஜயித்த பிறகு இன்னும் ஒரு காரியம் உண்டு. வார்டுக் கமிட்டியும், ஜனங்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள். நடந்ததையும் நடக்காததையும் கணக்காகச் சொல்லுங்கள். மளிகைக் கணக்கைப் பைசா தவறாமல் எழுதுகிற கைக்கு இது பெரிய காரியமா?

கடைசியாக, வீட்டுக்காரர் விஷயம். அவருக்கு உங்கள் மேல் பிரியம் இருக்கிறது; சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதுதான். நாளைக்குத் தெருவில் இடுப்பளவு ஜலம் நின்றால், ஜனங்கள் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகையால் அவரிடம் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்: “கூட்டத்துக்கு நான் போகிறேன், காகிதங்களை நானே படித்துக் கையெழுத்துப் போடுகிறேன். மற்றதை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். மற்றது என்றால், அன்றைக்குச் சாதம் வடிப்பதும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதும்!”

அதற்கு அவர் சம்மதித்தால் தைரியமாக நில்லுங்கள், சகோதரி. சம்மதிக்காவிட்டால், இன்னும் தைரியமாக நில்லுங்கள்.

மற்ற சகோதரிகளுக்கு ஒரே வார்த்தை. இனி யாராவது உங்கள் வாசலில் வந்து ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னால், “ரொம்ப சந்தோஷம். அதற்கு அடியிலே என்ன போடப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். வருகிற பதிலிலிருந்து ஆளைத் தெரிந்து கொள்ளலாம்.